ஹவாயின் பழங்கோயில்கள்: எதற்குப் போகலாம், எதை விடலாம்

கோபுரம், கருவறை, தீபாராதனை என்று எதிர்பார்த்துப் போனால் ‘ஹேயாவ்’ என்னும் ஹவாயின் பழங்கோயில் ஏமாற்றிவிடும். எரிமலைக் கற்களை அடுக்கிக் கட்டிய மேடையும் மதிலும்தான் இன்று மிச்சம். மேலிருந்த கூரை வேய்ந்த கட்டடங்களும் மரச்சிலைகளும் 1819இல் அழியத் தொடங்கின. ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் வந்திறங்கிய அதே ஆண்டில் அரசர் லிஹோலிஹோ ‘கபு’ என்ற பழைய சமயத் தடை விதிகளை ஒழித்து, கோயில்களையும் அழிக்கச் சொன்னார். மிஷனரிகள் செய்த வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். அவர்கள் வந்ததே 1820இல்தான்.

நாள் குறைவென்றால் ஹோனலூலுவில் தங்காமல், உள்ளூர் விமானத்தில் ‘பெரிய தீவு’ (Big Island) எனப்படும் ஹவாய்த் தீவின் கோனாவுக்குப் போய்விடுங்கள். ஹவாய் சிங்கப்பூர் நேரத்துக்கு 18 மணி நேரம் பின்தங்கியது. சனிக்கிழமை இரவு கிளம்பினாலும் அங்கே சனிக்கிழமையேதான் இறங்குவீர்கள். ஹோட்டல் பதிவில் தேதி தப்புவது இங்கேதான். கார் எடுத்தால் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், வேகப் பலகைகள் மைல் கணக்கில் இருக்கும்.

முதலிடம் கவாய்ஹேயிலுள்ள புஉகோஹோலாவுக்கு. கோனா விமான நிலையத்திலிருந்து வடக்கே சுமார் 40 கிலோமீட்டர், நுழைவு இலவசம். ஹவாய்த் தீவுகளை ஒன்றிணைத்த அரசர் முதலாம் கமேஹமேஹா 1790-91இல் கட்டியது. 224 அடி நீளம், 100 அடி அகலம், சாந்து ஒரு துளிகூட இல்லை. பொலொலூ பள்ளத்தாக்கிலிருந்து ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கற்களைக் கொண்டுவந்தார்கள் என்பது வழிவழிச் செய்தி. அவருடைய எதிரித் தலைவன் கெயோவா கொல்லப்பட்டதும் இங்கேதான். மேடைமேல் ஏற அனுமதி இல்லை. கற்கள் ஒன்றன் எடையில் ஒன்று நிற்பவை. ஒன்று நகர்ந்தால் பக்கத்துக் கல்லும் தளரும். 2006 நிலநடுக்கத்தில் மதில் குலைந்து, பழைய முறையிலேயே மீண்டும் அடுக்க வேண்டியிருந்தது. ஆகவே பாதையில் இறங்கிக் கடல் பக்கமிருந்து அண்ணாந்து பாருங்கள். மேலேயுள்ள பாதையில் நின்று பார்த்தால் அதன் அளவே பிடிபடாது. நிழல் அறவே கிடையாது, திரும்புவது ஏற்றம். காலையிலேயே போங்கள், ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது வேண்டும். நம் பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிடாதீர்கள், பாதம் பொத்துவிடும். மூடிய காலணியே சரி.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு, கோனாவுக்குத் தெற்கே உள்ள புஉஹோனுவா ஓ ஹோனௌனௌதான் பொருத்தம். அந்தக் காலத்தில் கபு விதி மீறியவன் இங்கே ஓடி வந்து சேர்ந்துவிட்டால், பூசாரி சடங்கு செய்து உயிரோடு அனுப்பிவிடுவார். கிட்டத்தட்ட 1,000 அடி நீள மதில், புதிதாகச் செதுக்கி வைத்த மரச்சிலைகள், திரும்பக் கட்டிய ஹாலே ஓ கெயாவே கோயில் என்று கண்ணுக்குத் தீனி உண்டு. கட்டணத்துக்கு ரொக்கத்தை நம்பாமல் அட்டை வைத்திருங்கள்.

எங்கே போனாலும் சூடம், ஊதுபத்தி, காசு எதுவும் வைக்க வேண்டாம். கல்லை இலையில் சுற்றி வைத்துவிட்டுப் போவது சுற்றுலாப் பயணிகள் கிளப்பிய வழக்கம். அதற்காகக் கல்லைப் பெயர்ப்பதால் மதிலுக்குத்தான் கேடு. ஞாபகார்த்தமாக ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்காதீர்கள்.

ஹோனலூலு இருக்கும் ஒவாஹு தீவை விட்டு நகர முடியாதென்றால் வைமேயா வளைகுடாவுக்கு மேலே உள்ள புஉ ஓ மஹுகா. அந்தத் தீவில் ஆகப் பெரியது, ஏறக்குறைய 2 ஏக்கர். காட்சி அருமை, விளக்கம்தான் போதாது. கழிப்பறை கிடையாது, புப்புகேயா சாலை முனையிலுள்ள ஃபூட்லேண்ட் கடையிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஏறுங்கள். காரில் பை எதையும் விட்டுப் போகாதீர்கள். மழை பெய்த மறுநாள் வேண்டவே வேண்டாம்: செம்மண் வழுக்கும், துணியில் பட்டால் கறை போகாது.