கணினியைத் தொலைக்காட்சியில் இணைக்க மூன்று வழிகள்: எது தன் பிழையை ஒளிக்காது?

உயர்தர வகுப்புப் படிக்கும் மருமகள் பாடக் காணொளிகளைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்பதற்காக, விசுவமடுவிலுள்ள அக்கா வீட்டின் பழைய மேசைக் கணினியை 32 அங்குலத் தொலைக்காட்சியோடு இணைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. விஜிஏ கேபிள், எச்டிஎம்ஐ கேபிள், கேபிள் இல்லாத மிராகாஸ்ட் ஆகிய மூன்றையும் அதே வீட்டில் மாறிமாறிப் போட்டுப் பார்த்தோம். கடைக்காரரிடம் கேட்டால் எதில் படம் தெளிவு என்றுதான் சொல்வார். ஒரு கேபிள் வாங்கப் பரந்தன் வீதியில் பஸ் பிடித்துக் கிளிநொச்சி போய்வர அரைநாள் கழிந்துவிடுகிற வீட்டுக்கு அது இரண்டாவது கேள்வி. படம் வராத இரவில், எங்கே பிழைத்தது என்பதைக் கையிலுள்ள பொருட்களை வைத்தே கண்டுபிடிக்க எந்த இணைப்பு விடும் என்பதுதான் முதற்கேள்வி.

அந்தக் கணக்கில், எல்லோரும் பழசு என்று ஒதுக்கும் விஜிஏ எதிர்பாராத அளவுக்கு நேர்மையானது. 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த இந்த இணைப்பில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறங்களும் தனித்தனி ஊசிகளில் போவதால், ஒன்று அறுந்தாலும் மற்ற இரண்டும் வந்துகொண்டேயிருக்கும். ஒரு நாள் மாலை திரை முழுவதும் மஞ்சளாகிவிட்டது. தொலைக்காட்சி பழுதாகிவிட்டது என்றே அக்கா நினைத்தார். சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள், ஆகவே வராமல் நிற்பது நீலம் என்று எண்ணிக் கேபிளைக் கழற்றிக் கைவிளக்கில் பார்த்தபோது, மேல் வரிசையின் மூன்றாவது ஊசி பக்கத்தில் சாய்ந்து படுத்திருந்தது. மை தீர்ந்த பேனைக் குழாயின் முனையை அதில் மாட்டி மெதுவாக நிமிர்த்தியதும் நீலம் திரும்பியது. திரை வெளிர்நீலமாக மாறினால் சிவப்பு ஊசியையும், ஊதாவாக மாறினால் பச்சை ஊசியையும் இவ்வாறே பார்க்கலாம். விஜிஏயின் குறைகளும் சிறியவை அல்ல. ஒலி இதில் வராது. அதற்குத் தனி வயர் வேண்டும். 1366×768 புள்ளிகள் கொண்ட திரைக்குக் கணினியில் 1360×768, 60 ஹேர்ட்ஸ் என்று அமைக்க வேண்டியிருக்கிறது. தொலைக்காட்சி ஏற்காத அளவை அனுப்பினால் படத்துக்குப் பதிலாக ஓர் எச்சரிக்கை வரிதான் தெரியும். புதிய தொலைக்காட்சிகளில் பெரும்பாலும் இந்தச் சொக்கெற்றே கிடையாது.

2002 டிசம்பரில் முதல் வரையறை வெளியான எச்டிஎம்ஐ, படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் கொண்டுபோகிறது. தொலைக்காட்சியின் திரை அளவையும் கணினி தானே கேட்டறிந்துகொள்கிறது. வேலை செய்யும்போது இதற்கு நிகரில்லை. வேலை செய்யாதபோதோ, காரணம் எதுவானாலும் பெரும்பாலும் ‘நோ சிக்னல்’ என்ற ஒரே பதில்தான் வரும். றிமோட்டில் வேறு உள்ளீட்டைத் தெரிவுசெய்திருக்கலாம், கேபிள் உள்ளே அறுந்திருக்கலாம், கணினி தன் படத்தை மற்றத் திரைக்கு மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கலாம். படத்துக்கென்று தனியான கிராபிக்ஸ் காட் பூட்டிய கணினியில், மதர்போட் என்ற தாய்ப்பலகையிலுள்ள செயலற்ற சொக்கெற்றில் கேபிளைச் செருகியிருக்கவும் கூடும். இவற்றைப் பிரித்தறிய, ஏற்கெனவே படம் தந்துகொண்டிருக்கும் டிஷ் பெட்டியின் கேபிளைத் தொலைக்காட்சிப் பக்கம் அசைக்காமல் விட்டு, பெட்டியிலுள்ள முனையை மட்டும் கழற்றிக் கணினியில் செருகிப் பார்ப்பதே நான் கண்ட சுருக்கமான வழி. அப்போதும் படம் வராவிட்டால் பிழை கணினிப் பக்கம் என்று கொள்ளலாம். விண்டோஸ் விசையோடு ‘பி’ (P) விசையை அழுத்தித் திரைத் தெரிவை மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் விண்டோஸ், கொன்ட்ரோல், ஷிஃப்ட், ‘பி’ (B) என்ற நான்கு விசைகளையும் ஒன்றாக அழுத்தினால், படத்தைக் கவனிக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டுப் பணிப்பட்டை பாதி மறைந்தால், குற்றம் கணினியில் இல்லை. தொலைக்காட்சியின் படஅளவு அமைப்பை ‘ஸ்கிறீன் ஃபிற்’ அல்லது ‘ஜஸ்ற் ஸ்கான்’ என்பதற்கு மாற்ற வேண்டும். விலைகூடிய ‘4கே’ கேபிள் வாங்கச் சொல்லி ஒருவர் வற்புறுத்தினார். அக்கா வீட்டிலுள்ள இரண்டாம் தலைமுறைக் கோர் ஐ3 செயலி எச்டிஎம்ஐயில் 1920×1200 புள்ளிகளுக்கு மேல் தராது என்பதால் அந்தக் காசு மிச்சம்.

விஜிஏ மட்டுமுள்ள கணினியை எச்டிஎம்ஐ மட்டுமுள்ள தொலைக்காட்சியோடு சேர்க்க அயல்வீட்டார் ஒரு கேபிள் வாங்கிவந்தார்கள். ஒரு முனை நீல விஜிஏ, மறுமுனை கறுப்பு எச்டிஎம்ஐ, நடுவில் எதுவுமில்லை. ஒன்றின் மின்னலையை மற்றதன் எண்குறியாக மாற்ற இடையில் ஒரு மின்னணுச் சில்லும், அதற்கு யூஎஸ்பி மின்சாரமும் வேண்டும். வெறுங்கேபிள் அதைச் செய்யாது. அந்தச் சில்லுள்ள கொன்வேர்ட்டரிலும் திசையைப் பார்த்தே வாங்க வேண்டும், எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றுவது மறுவளமாக வேலை செய்யாது. வேறு வழியிருந்தால் நான் இதைத் தொடமாட்டேன், ஏனெனில் சந்தேகப்பட இன்னுமொரு பெட்டி கூடுகிறது.

மிராகாஸ்ட் 2012இல் வந்தது. விண்டோஸ், ‘கே’ விசைகளை அழுத்தினால் றவுட்டர் இல்லாமலே கணினியும் தொலைக்காட்சியும் நேரே பேசிக்கொள்ளும், டேற்றாவும் செலவாகாது. ஆனால் மேசைக் கணினிக்கு வைஃபை அடப்ரர் வேண்டும். படம் சற்றுப் பிந்தும், திக்கும், சில நாள் காரணமே சொல்லாமல் அறுந்துபோகும்.

அதற்கு ஒரே ஒரு பெருமை உண்டு, கம்பித் தொடர்பு இல்லை. எர்த் இல்லாத இரண்டு முனைப் பிளக்கில் ஓடும் கணினியின் உலோக உடலில், மின்வழங்கியின் வடிகட்டிக் கொள்ளளவிகள் வழியாக 230 வோல்ற்றில் ஏறத்தாழப் பாதி நிற்கும். ஓட்டம் சிறிது, கை கூசும் அளவுதான். டிஷ் கேபிள் மாட்டிய தொலைக்காட்சியில் எச்டிஎம்ஐயைச் செருகும் கணத்தில் அந்த மின்னழுத்த வித்தியாசம் இணைப்பினூடாகப் பாய்ந்து சொக்கெற்றையே கெடுத்துவிடக்கூடும். எர்த் கம்பி இருந்தாலும் ஆவணி, புரட்டாதியில் மண் காய்ந்து இறுகும்போது அதன் பிடிப்புத் தளர்கிறது. ஆகவே அக்கா வீட்டில் இரண்டு பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றிவிட்டே கேபிளைத் தொடுவதென்று வைத்திருக்கிறோம். ஐப்பசி இடிமழை தொடங்கினால் டிஷ் கேபிளையும் கழற்றிவிடுவோம்.

இப்போது அங்கே ஓடுவது எச்டிஎம்ஐதான். விஜிஏ கேபிளைக் கொடுத்துவிட நான் விடவில்லை. நிமிர்த்திய ஊசியோடு அது தொலைக்காட்சியின் பின்னால் சுருட்டிக் கட்டியபடி இருக்கிறது.