பாலும் கோதுமையும் இல்லாத டீ மசாலா ஷார்ட்பிரெட் கிட்: வாங்கலாமா?

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இதோடு போய்விடலாம். கீழே வரும் ஷார்ட்பிரெட் பிஸ்கட் அடுக்கு அருமை. மசாலா அதைவிட அருமை. நடுவில் வரும் கேரமல்தான் சொதப்பல், அதுவும் சுவையில் மட்டும் இல்லை, பெட்டி மேல் பெரிய எழுத்தில் "வீகன்" (பால் உட்பட விலங்கிலிருந்து வரும் எதுவும் இல்லாதது) என்று போட்டுவிட்டு உள்ளே பால் புரதம் கலந்த பொட்டலத்தை வைத்திருக்கிறார்கள். விற்றவர் பெயரை எழுதப் போவதில்லை. வீட்டிலிருந்து சின்ன அளவில் ஆன்லைனில் விற்கிறவர்கள், இதேபோன்ற கிட் இப்போது பலரும் போடுகிறார்கள், யாரிடம் வாங்கினாலும் பார்க்க வேண்டிய இடங்கள் ஒன்றுதான்.

பெட்டி 749 ரூபாய், கூரியர் தனி. உள்ளே அரிசி மாவு, பாதாம் மாவு, மரவள்ளி ஸ்டார்ச், மாவை ஒட்டவைக்கத் துளி சாந்தன் கம் எல்லாம் சேர்ந்த மாவுக் கலவை ஒரு பாக்கெட். அப்புறம் நாட்டுச் சர்க்கரை, தேங்காய்ப்பால் பவுடர், டீத்தூள், மசாலாத்தூள், டார்க் சாக்லேட், ஒரு பட்டர் பேப்பர், செய்முறைத் தாள். தேங்காய் எண்ணெய் மட்டும் நம்முடையது. 8 அங்குலச் சதுரத் தட்டில் 16 துண்டு வரும் என்கிறார்கள், வருகிறது. கீழே ஷார்ட்பிரெட், நடுவே டீ கேரமல், மேலே சாக்லேட் என்று மூன்று அடுக்கு. நான் வாங்கிய காரணம் எளிது: நாத்தனார் மகளுக்கு சீலியாக் என்ற குடல் நோய், கோதுமை கூடவே கூடாது, அலுவலகத் தோழி ஒருத்தி வீகன், இரண்டு பேரும் ஒன்றாக வீட்டுக்கு வந்தால் பழத்தை நறுக்கி வைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியாது.

இந்தப் பலகாரத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே கிட் போட்டவரின் மூளை தெரிகிறது. ஷார்ட்பிரெட் ஸ்காட்லாந்துக்காரர்களுடையது, பழைய கணக்கு சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு, மாவு மூன்று, அவ்வளவுதான், முட்டை கிடையாது, பாலும் ஊற்றுவதில்லை. பரோட்டாவுக்கு மாவை அடித்துப் பிசைந்து இழுக்கிறோமே, அந்த இழுவைக்குக் காரணம் கோதுமையில் இருக்கிற க்ளூட்டன் என்ற புரதம், ஷார்ட்பிரெட்டில் வேண்டியது அதற்கு நேர் எதிர். கொழுப்பு மாவைப் பூசிக்கொண்டு க்ளூட்டன் வலை பின்னவிடாமல் தடுத்தால்தான் வாயில் போட்டதும் பொலபொலவென்று உதிரும். அதனால்தான் அந்த ஊரிலேயே கோதுமை மாவில் ஒரு பங்கைக் குறைத்து அரிசி மாவு சேர்க்கிற பழக்கம் உண்டு. இப்படிப்பட்ட ஒன்றில் கோதுமையை முழுக்க எடுத்துவிட்டாலும் இழப்பு கொஞ்சம்தான். க்ளூட்டன் இல்லாத பிரெட் வாங்கி ஏமாந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மாவு நைசாக அரைக்கப்பட்டிருக்கிறது, பல்லில் நறநறப்பு இல்லை, அரிசி மாவு பிஸ்கட்டில் வழக்கமாக வரும் குறை அது. பாதாம் தாராளமாக இருப்பதால் காய்ந்துபோன உணர்வும் இல்லை. பாக்கெட்டின் பின்னால் க்ளூட்டன் பரிசோதனை செய்த விவரம் அச்சிட்டிருக்கிறார்கள். நம் ஊர் விதிப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டாமல் இருந்தால்தான் "க்ளூட்டன் இல்லாதது" என்று போட முடியும், அந்த எண்ணையே குறிப்பிட்டிருந்தது எனக்குப் பிடித்தது. ஆனால் பாக்கெட் சுத்தமாக இருந்து நம் சமையலறை சுத்தமாக இல்லாவிட்டால் பயனில்லை, மைதா சலித்த சல்லடையையே எடுத்து இதைச் சலித்தால் சீலியாக் உள்ளவருக்கு அதுவே போதும். (போகிற போக்கில் ஒன்று: கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு இருக்கும், சாம்பார் வைத்துக் கொடுக்கிறவர்கள் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்.)

செய்முறைத் தாளை எழுதியவர் ஏசி சமையலறையில் நின்று எழுதியிருப்பார் போலிருக்கிறது. "உருகாத தேங்காய் எண்ணெய் 100 கிராம்" என்கிறது தாள். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உருகிவிடும், சென்னையில் மார்கழி விடியற்காலை தவிர எந்த நேரத்தில் அது உருகாமல் இருக்கிறது? எண்ணெயை ஃபிரிட்ஜில் வைத்து, வெள்ளையாக இறுகி ஆனால் கரண்டியால் வழிக்க முடிகிற நிலையில் எடுத்து, விரல் நுனியால் மாவில் பிசிறிக் கலக்க வேண்டும். உருகிய எண்ணெயை ஊற்றினால் தட்டில் அழுத்தும்போதே விளிம்பில் எண்ணெய் கசியும். அழுத்தியபின் முள்கரண்டியால் குத்திவிட்டு மறுபடி அரை மணி நேரம் ஃபிரிட்ஜ். இதில் ஒரு வரிகூடத் தாளில் இல்லை. வாசனை பற்றியாவது சொல்லியிருக்கிறார்கள், ரீஃபைண்ட் எண்ணெய் போடுங்கள், செக்கு எண்ணெய் டீ வாசனையை அமுக்கிவிடும் என்று. எனக்கு ஏலக்காயோடு செக்கு எண்ணெய் வாசனை பிடித்துத்தான் இருந்தது, ஆனால் வீட்டில் ஒருவர் "தலைக்குத் தேய்க்கிற வாசனை வருது" என்று ஒதுக்கிவிட்டார், ஆகவே உங்கள் வீட்டு மூக்குகளைப் பொறுத்தது.

165 டிகிரியில் 25 நிமிடம் என்பது ஏறக்குறைய சரி. ஓடிஜி (பேக்கிங் செய்யும் சின்ன மின் அடுப்பு) ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம், கடிகாரத்தைவிட விளிம்பைப் பாருங்கள். விளிம்பு மட்டும் பொன்னிறம் வந்தால் போதும். வெண்ணெயில் இருக்கிற பால் திடப்பொருள்தான் சிவந்து நிறம் கொடுப்பது, இதில் அது இல்லை, முழுத் தட்டும் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் கருகல் வாசனைதான் வரும்.

மசாலாவுக்கு வருகிறேன். ஏலக்காய், சுக்கு, மிளகு, கிராம்பு, பட்டை. புதிதாக அரைத்து ஃபாயிலில் அடைத்தது, பிரித்ததும் பக்கத்து அறைவரை போனது வாசனை. கடையில் விற்கும் டீ மசாலாக்களில் கிராம்பு தூக்கலாக இருந்து பல் மருத்துவமனை ஞாபகம் வரும், இங்கே கிராம்பு அடங்கி இருக்கிறது, சுக்கு முன்னால் நிற்கிறது, மிளகு விழுங்கியபின் தொண்டையில் மெதுவாகத் தெரிகிறது. பட்டையும் இலங்கைப் பட்டை என்று எழுதியிருக்கிறார்கள், நம் மளிகைக் கடைகளில் பட்டை என்று கிடைப்பது பெரும்பாலும் காசியா என்ற தடித்த வகை, அதன் காரம் முரடு, இது இனிப்பாக மென்மையாக இருக்கிறது. கீழ் அடுக்கு மாவிலும் ஒரு ஸ்பூன் டீத்தூள் போகிறது, அதனால் பெரிய பலன் இல்லை, டீயின் நிறமும் துவர்ப்பும் தண்ணீரில்தான் நன்றாக இறங்கும், இந்த மாவில் எண்ணெய்தான் அதிகம், கொஞ்சம் வாசனையும் அழகுக்குக் கரும்புள்ளிகளும் கிடைக்கும், அவ்வளவே.

இப்போது அந்தக் கேரமல்.

தேங்காய்ப்பால் பவுடர் பொட்டலத்தைத் திருப்பினால் பொடி எழுத்தில் மூன்று சேர்மானங்கள்: தேங்காய்ப்பால், மால்ட்டோடெக்ஸ்ட்ரின் (ஸ்டார்ச்சிலிருந்து எடுக்கும் பொடி), சோடியம் கேசினேட். மூன்றாவது பாலின் கேசின் புரதத்திலிருந்து எடுப்பது. தேங்காயின் கொழுப்பு தண்ணீரில் பிரியாமல் சீராகக் கலக்க வேண்டும் என்பதற்காகப் பல நிறுவனங்களும் தேங்காய்ப்பால் பவுடரில் இதைச் சேர்க்கின்றன, புதிய விஷயம் ஒன்றும் இல்லை. ஆனால் "தேங்காய்" என்ற பெயரைப் பார்த்ததும் யாரும் பாலைத் தேடுவதில்லை. 2022இல் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ கொண்டுவந்த வீகன் உணவு விதிகளின்படி, விலங்கிலிருந்து வந்த எதுவும், பால் பொருள் உட்பட, சேர்மானமாகவோ சேர்க்கைப் பொருளாகவோ இருக்கக் கூடாது. அதற்கென்று பச்சை நிறத்தில் "வி" எழுத்து போட்ட தனி முத்திரையும் உண்டு. இந்தப் பெட்டியில் அந்த முத்திரை இல்லை, இவர்களே வரைந்த ஒரு இலைப் படம்தான் இருக்கிறது. என் தோழிக்கு இது கொள்கை சார்ந்த விஷயம், தெரியாமல் சாப்பிட்டிருந்தால் கோபத்தோடு முடிந்திருக்கும். பால் ஒவ்வாமை உள்ள குழந்தை ஒன்று சாப்பிட்டிருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும். இதற்குத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

விற்றவருக்குப் படத்தோடு செய்தி அனுப்பினேன். மழுப்பவில்லை, அதைப் பாராட்ட வேண்டும். மொத்தமாக வாங்கிப் பிரித்து வைக்கிற பவுடராம், மாற்றுகிறோம் என்றார், பாதிப் பணமும் திரும்பி வந்தது. பொட்டலத்தில் சேர்மானங்களை ஒழுங்காக அச்சிட்டவரே பெட்டியில் வீகன் என்று எப்படிப் போட்டார் என்று கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

சரி, பவுடரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு ஒரு தேங்காயை உடைத்து முதல் பால் எடுத்து அதில் செய்தேன். தாளில் சொன்னபடி இரண்டு மேசைக்கரண்டி டீத்தூளைப் பாலில் போட்டு 10 நிமிடம் கொதிக்கவிட்டால் நாக்கு இழுத்துக்கொள்ளும் அளவுக்குத் துவர்ப்பு. இதற்கும் அந்தக் கேசின்தான் காரணம், வேடிக்கையாக இல்லையா? மாட்டுப்பாலில் இருக்கிற கேசின், டீயின் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக் கட்டிவிடுகிறது, டஸ்ட் டீயை எவ்வளவு கொதிக்கவிட்டாலும் பால் சேர்ந்ததும் குடிக்க முடிவது அதனால்தான். தேங்காய்ப்பாலில் கேசின் கிடையாது, துவர்ப்பு அப்படியே நாக்கில் வந்து உட்காரும். அவர்கள் கேசினேட் கலந்த பவுடரை வைத்தே செய்து பார்த்து அளவு எழுதியிருப்பார்கள் என்பது என் ஊகம். நிஜமாகவே வீகனாகச் செய்தால் டீயைக் கையாளும் முறையே மாற வேண்டும்: டஸ்ட் வேண்டாம், இலைத் தேயிலை எடுங்கள், நீலகிரி இலை வாசனையாக இருக்கும், கால் டம்ளர் கொதிநீரில் போட்டு நாலு நிமிடம் மூடி வைத்து வடிகட்டி, டிகாக்‌ஷனை மட்டும் பாலில் சேருங்கள், தேயிலையைப் பாலில் கொதிக்கவே விடாதீர்கள். ஒரு சிட்டிகை உப்பும் கசப்பை அடக்கும்.

அடுத்தது பாகு. "114 டிகிரி, தெர்மாமீட்டர் அவசியம்" என்கிறது தாள். அதிரசப் பாகு வைக்கத் தெரிந்தவருக்குத் தெர்மாமீட்டர் எதற்கு? கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் மென்மையாக உருட்ட வர வேண்டும், அதுதான் இதற்கும் பதம். அதைத் தாண்டினால் கேரமல் இறுகி மிட்டாயாகி, வெட்டும்போது கீழ் அடுக்கையும் சேர்த்து உடைக்கும். தீ குறைவாகவே இருக்கட்டும், தேங்காய்ப்பால் தளதளவென்று கொதித்தால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும், அப்படி ஆனாலும் பதற வேண்டாம், ஒரு ஸ்பூன் சுடுதண்ணீர் விட்டு விடாமல் கிளறினால் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். நாட்டுச் சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடுகிறவர்கள் மறக்காமல் கரைத்து வடிகட்டுங்கள், மண் இருக்கும்.

சாக்லேட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நிஜமான கொக்கோ வெண்ணெய் உள்ள டார்க் சாக்லேட், வேறு கொழுப்பு போட்டுச் செய்கிற மலிவான காம்பவுண்ட் இல்லை, சேர்மானத்தில் பால் இல்லை, ஆனால் பால் கையாளும் இடத்தில் தயாரானது என்ற எச்சரிக்கை உண்டு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே வெட்டினால் மேல் அடுக்கு தாறுமாறாக விரிசல் விடும், கொஞ்ச நேரம் வெளியே வைத்து, கத்தியைச் சுடுநீரில் நனைத்துத் துடைத்து வெட்டினால் மூன்று அடுக்கும் தெரிய அழகாக வரும். டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். வெளியே வேண்டாம், நம் வெயிலில் கேரமல் வழிந்துவிடும்.

தேங்காய்ப்பாலில் செய்த தட்டு காலியாகிவிட்டது, நாத்தனார் மகள் வீட்டுக்கு நாலு எடுத்துப் போனாள், வயிற்றுத் தொந்தரவு எதுவும் இல்லை என்று மறுநாள் நாத்தனார் சொன்னார். ஆனால் நான் சாப்பிட்டதில் பாதி என் தேங்காய், என் தேயிலை. அந்தக் கணக்கில் 749 அதிகம். மாவுக் கலவைக்கும் மசாலாவுக்கும் மட்டும் 400 வரை கொடுக்கலாம். பாதாம் மாவு விற்கிற விலையில் அதைக் குறை சொல்ல முடியாது. பவுடரை மாற்றிவிட்டார்கள் என்று உறுதியாகத் தெரியும்வரை வீகன் நண்பர்களுக்கு இந்தக் கிட்டை அப்படியே செய்து கொடுக்காதீர்கள், கோதுமை மட்டும்தான் பிரச்சினை என்றால் தாராளமாக வாங்கலாம்.

மசாலா மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டேன். இப்போதைக்கு இல்லையாம், குறைந்தது பத்துப் பேர் கேட்டால் போடுகிறோம் என்கிறார்கள். வாங்கியவர்கள் யாராவது இருந்தால் நீங்களும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.