மூன்று வருட எஸ்டி-வானும் ஒரு எம்எஸ்எஸ் எண்ணும்

எங்கள் அலுவலகக் கிளைகள் மூன்று வருடமாக எஸ்டி-வானில்தான் (எல்லாக் கிளைகளின் நெட்வொர்க்கையும் ஒரே இடத்திலிருந்து மென்பொருளால் நடத்தும் முறை) ஓடுகின்றன. "நாங்களும் மாறலாம் என்று இருக்கிறோம். கிளைகளைக் கூட்டிக்கொண்டே போகலாமா? நமக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள விடுமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவதில்தான் வயிறு எரிந்தது.

கூட்டுவதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ரவுட்டரை அனுப்பி வைத்தால் போதும், கிளையில் யாரோ ஒருவர் கேபிள்களைச் செருகுவார். அது தானே எல்லா ரவுட்டர்களையும் நிர்வகிக்கும் கன்ட்ரோலரைத் தேடிப் பிடித்து, சான்றிதழைக் காட்டி, கான்ஃபிகரேஷனை இறக்கி, டனல்களை (இணையத்தின் வழியே போகும் பாதுகாப்பான தனிப்பாதைகளை) கட்டிக்கொள்ளும். ஒருமுறை முக்கியமான காலின் நடுவே ஃபைபர் அறுந்தது. குரல் ஒரு கணம் திக்கியது, அவ்வளவுதான். பேச்சு 4ஜி பக்கம் போய்விட்டதை நான் டாஷ்போர்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மாற்றம் செய்யப் போனால் கதை வேறு. ஒரு கிளையில் பிபிபிஓஇ லைன் (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் பிராட்பேண்ட்). ஒரு பாக்கெட்டின் உச்ச அளவான எம்டியூ வழக்கமாக 1500 பைட்; அதில் பிபிபிஓஇ-க்கு 8 போய் 1492 மிஞ்சும். அதற்குள் டனலைப் பாதுகாக்கும் ஐபிசெக்கின் தலைப்புகள் 60 பைட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். விளைவு: பெரிய பாக்கெட்டுகள் அடங்காது. பிங் போகும், லாகின் பக்கம் வரும், பெரிய கோப்பை ஏற்றினால் மட்டும் அப்படியே நிற்கும். டிசிபி எம்எஸ்எஸ்-ஐ (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் டேட்டாவின் உச்ச அளவை) அந்த ரவுட்டரில் மட்டும் 1350 ஆகக் குறைத்தேன். உடனே சரியானது.

அடுத்த மாதம் வேறு ஏதோ ஒரு பாலிசிக்காக, எல்லாக் கிளைக்கும் பொதுவான செட்டிங்குகள் அடங்கிய டெம்ப்ளேட்டைக் கன்ட்ரோலரிலிருந்து தள்ளினேன். என் 1350 காணாமல் போயிற்று, அதே புகார் திரும்ப வந்தது. ரவுட்டரில் கையால் செய்த எதையும் டெம்ப்ளேட் மதிக்காதாம். "அது டிசைன்தான் சார்" என்றார்கள் சப்போர்ட்டில். எல்லாக் கிளையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றுதானே வாங்கினாய் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அழிப்பதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

சரி என்று அந்த எம்எஸ்எஸ் எண்ணை டெம்ப்ளேட்டிலேயே வேரியபிள் (கிளைக்குக் கிளை வேறு மதிப்பு தரக்கூடிய இடம்) ஆக்கினேன். இப்போது எல்லாக் கிளைக்கும் அந்த மதிப்பை நிரப்பாமல் டெம்ப்ளேட் நகராது. நிரப்ப, கன்ட்ரோலரோடு நிரல்கள் பேசும் வழியான ஏபிஐ-யில் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதினேன்; எழுதிய அன்று எனக்கே என் மேல் மரியாதை வந்தது. அப்புறம் கன்ட்ரோலரை அப்கிரேட் செய்தோம். ஏபிஐ தரும் பதிலில் ஒரு ஃபீல்டின் பெயர் மாறியிருந்தது, ஸ்கிரிப்ட் படுத்துவிட்டது. அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: ஒவ்வொரு கிளையிலும் சின்னச் சின்னதாகக் கைவைக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் வாங்காதீர்கள். அந்தப் பழக்கம் எனக்கு உண்டு. அடுத்த வாரம் இன்னும் இரண்டு கிளைகளைச் சேர்க்கிறேன். இரண்டிலும் பிபிபிஓஇ லைன்தான்.