பேனிக் அட்டாக்குக்கு சிபிடி: மூன்று வருடத்துக்குப் பிறகு

மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ் ஏறினேன். மேலூர் தாண்டியதும் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்துப்போயின. செத்துப்போகிறேன் என்றே நினைத்து நடுவழியில் இறங்கிவிட்டேன். அடுத்த நான்கு மாதத்தில் மூன்று ஈசிஜி, ஒரு எக்கோ, தைராய்டு டெஸ்ட். எல்லாம் நார்மல். "ஒண்ணுமில்ல, டென்ஷனைக் குறைங்க" என்றார்கள். ஒன்றுமில்லாததற்கு உடம்பு ஏன் இப்படி நடுங்குகிறது என்று பயம் இன்னும் கூடியது.

முதலில் பார்த்த கவுன்சிலரிடம் ஆறு வாரம் போனேன். பொறுமையாகக் கேட்டார், அழுதேன், மனசு லேசானது. பஸ் ஏறத்தான் முடியவில்லை. பிறகு ஒரு மனநல மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்து, ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவுள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடம் சிபிடிக்கு, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சு சிகிச்சைக்கு, அனுப்பினார். யாரிடம் போனாலும் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

சிபிடி 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் மனச்சோர்வுக்காக உருவாக்கியது. பேனிக் அட்டாக்குக்கு, அதாவது திடீரென்று வரும் இந்தக் கடும் பயத்துக்கு, உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-ல் சொன்ன விளக்கம் எனக்கு அப்படியே பொருந்தியது: படபடப்பு வருகிறது, அதை மாரடைப்பு என்று மனசு படிக்கிறது, பயம் ஏறுகிறது, பயத்தில் படபடப்பு இன்னும் ஏறுகிறது.

நாலாவது வாரம் சைக்காலஜிஸ்ட் மேடம் ஒரு ஜூஸ் ஸ்ட்ராவை நீட்டினார். "மூக்கைப் பிடிச்சுக்கிட்டு இது வழியா மட்டும் ஒரு நிமிஷம் மூச்சு விடுங்க சார்." அரை நிமிடத்தில் பஸ்ஸில் வந்த அதே முட்டல்.

"பயம் பத்துக்கு எத்தனை?"

"எட்டு மேடம். மயங்கி விழுந்துடுவேன்."

"விழலையே சார். இன்னொரு தடவை."

ஐந்தாவது தடவை மூன்றுக்கு இறங்கியது. அந்த அறையை விட்டு வெளியே வந்து நெடுநேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

மற்றதெல்லாம் வீட்டுப்பாடம். வந்த பிழையான எண்ணத்தையும் பயம் பத்துக்கு எத்தனை என்பதையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். முதலில் நிற்கும் பஸ்ஸில் பத்து நிமிடம், பிறகு ஒத்தக்கடை வரை, பிறகு மேலூர். தண்ணீர் பாட்டிலையும் மாத்திரை அட்டையையும் பையில் வைக்கக் கூடாது என்றார். அவை இருந்ததால்தான் பிழைத்தேன் என்று மனசு நம்பிக்கொண்டே இருக்குமாம். அதுதான் எனக்கு மிகக் கஷ்டமான பாடம். முதல் இரண்டு வாரம் தூக்கமே கெட்டது. பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள்.

மாத்திரை வேலை செய்ய நான்கு வாரம் ஆனது. ஒரு வருடம் கழித்து டாக்டரே படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்.

செலவு பெரிய குறை. மனநோயையும் உடல்நோய் போலவே இன்சூரன்ஸில் சேர்க்க வேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. அட்மிட் ஆகவில்லை என்று என் கிளெய்மைத் திருப்பிவிட்டார்கள். பணம் இல்லாதவர்கள் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ், மத்திய அரசின் இலவச உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

போன வருடம் அப்பா இறந்தபோது சிபிடி நோட்டு கைகொடுக்கவில்லை. பிழையான எண்ணம் என்று திருத்த அதில் எதுவும் இல்லையே, அப்பா நிஜமாகவே இல்லை. அப்போது அந்தப் பழைய கவுன்சிலரிடமே போய் அழுதேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தது போதுமாக இருந்தது.

போன மாதம் மறுபடி திருச்சி பஸ். மேலூரில் படபடப்பு வந்தது. நோட்டை எடுத்து நாலு என்று எழுதினேன். கொட்டாம்பட்டி வந்தபோது ரெண்டு.