டோக்கியோவின் நிஷி கசாயில் நம்பிப் போகக்கூடிய ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகம்

என் மனைவி ஜப்பானியர். திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டு ஆனால்தான் ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள்) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதால், இப்போதைக்கு இந்தியாவுக்கு என்ட்ரி விசா. அதற்கு ஜப்பானின் குடும்பப் பதிவேடான கொசெகியை இந்த அலுவலகத்தில்தான் ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தார்கள்.

கொசெகியில் என் பெயர், வெளிநாட்டுப் பெயர்களை ஒலிப்படி எழுதும் கதகனா எழுத்தில்தான் இருக்கும். அதை ஒலியை வைத்து எழுதிவிடாமல், பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து, அப்பா பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருத்தினார் மொழிபெயர்த்த அம்மா. இனிஷியல் வழக்கம் உள்ள நமக்கு இந்தக் கவனம் பெரிய உதவி!

ஆவணம் வெளிநாட்டிலும் செல்ல வேண்டிப் பெறும் சான்றான அபோஸ்டில் முத்திரையை ஜப்பான் வெளியுறவு அமைச்சகம் இலவசமாகவே தருகிறது, நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவரே சொல்லிவிட்டார். காசு பார்க்க நினைப்பவர் அப்படிச் சொல்ல மாட்டார். கட்டணம் சற்று அதிகம்தான், ஞாயிறு விடுமுறை. ஓசிஐக்கும் இங்கேதான் போவோம்.