9 மி.மீ.யா, 18 மி.மீ.யா? கைவேலைக்கு ஏற்ற கட்டர் எது

கொலுவுக்காக மவுண்ட் போர்டு என்னும் தடித்த அட்டையில் ஐந்து நிலைக் கோபுரம் ஒன்று செய்துகொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பையன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பள்ளியில் மாதிரி வீடு செய்துவரச் சொல்லியிருக்கிறார்களாம். சன்போர்டு என்னும் லேசான நுரைப் பலகை வாங்கியாகிவிட்டது, கட்டர்தான் பாக்கி. "மாமா, பெரிய கட்டர் வாங்கட்டுமா, சின்னது வாங்கட்டுமா? பெரிசுன்னா நல்லா வெட்டும்தானே?" என்று கேட்டான்.

பெரும்பாலானவர்கள் அப்படி நினைத்துத்தான் பெரிய கட்டரை வாங்குகிறார்கள். ஸ்டேஷனரி கடையில் "பேப்பர் கட்டர்" என்று கேட்டாலும் கைக்கு முதலில் வருவது பிளேடின் அகலம் 18 மி.மீ. உள்ள அந்தப் பெரிய கட்டர்தான். ஆனால் காகிதம், அட்டை, மெல்லிய சன்போர்டு என்று வீட்டில் கைவேலை செய்பவர் ஒரே ஒரு கட்டர் வாங்குவதாக இருந்தால், அது 9 மி.மீ.யாக இருக்கட்டும் என்பேன். பெரியதற்கும் வேலை உண்டு. அது எந்த இடத்தில் என்பதைப் பார்ப்போம்.

முதலில் இந்தக் கத்தி எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. 1956இல் ஜப்பானின் ஒசாகாவில் யோஷியோ ஒகாடா என்பவர் இதை உருவாக்கினார். அச்சு வேலையில் காகிதம் வெட்ட ஷேவிங் பிளேடைத்தான் பயன்படுத்தினார்கள். அதன் மூலை மழுங்கியதும் மீதி அப்படியே வீணாகும். செருப்புத் தைப்பவர்கள் கண்ணாடித் துண்டு மழுங்கினால் அதை உடைத்துப் புதுக் கூர் எடுப்பதும், கோடு கோடாக ஒடிக்கும்படி வரும் சாக்லேட் கட்டியும் அவர் மனதில் ஒன்றுசேர்ந்து, ஒடிக்கும் பிளேடு பிறந்தது. பிறகு அவர் தொடங்கிய நிறுவனம்தான் ஓல்ஃபா. ஜப்பானிய மொழியில் 'ஒரு' என்றால் ஒடிப்பது, 'ஹா' என்றால் கத்தியின் அலகு. பெயரிலேயே ஒடிப்பது இருக்கிறது. நம் வீடுகளிலும் பென்சில் சீவ ஷேவிங் பிளேடைப் பாதியாக ஒடித்து வைத்திருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும்.

ஆனால் நம்மில் பலர் இந்தக் கட்டரை வாங்கிய நாள் முதல் ஒரு துண்டைக்கூட ஒடிப்பதில்லை. பிளேடு தீர்ந்துவிடும் என்ற பயம். ஒரு 9 மி.மீ. பிளேடில் பதின்மூன்று துண்டுகள் இருக்கும். கடைசித் துண்டு பிடிக்குள் மாட்டிக்கொள்ளும் என்று விட்டுவிட்டாலும் பன்னிரண்டு முனைகள். பத்து பிளேடு உள்ள ஒரு டப்பாவை நூறு ரூபாய்க்கு வாங்கினால்கூட ஒரு முனைக்கு ஒரு ரூபாய் ஆகாது. இதை மிச்சம் பிடிக்கப் போய் நூறு ரூபாய் மவுண்ட் போர்டின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு நிற்கிறோம்.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். 9 மி.மீ. பிளேடின் தடிமன் 0.38 மி.மீ., 18 மி.மீ. பிளேடுக்கு 0.5 மி.மீ. வித்தியாசம் அற்பமாகத் தெரியும். ஆனால் ஒரு தகடு பக்கவாட்டில் வளையாமல் நிற்கும் வலு அதன் தடிமனின் மும்மடிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்பக் கூடுகிறது. அகலமும் இரட்டிப்பு. கணக்குப் போட்டால் ஒரே நீளம் வெளியே நீட்டிய நிலையில் பெரிய பிளேடு நான்கு மடங்குக்கும் மேல் விறைப்பானது. கனமான பொருளில் பெரிய கட்டர் நேராகப் போவதற்குக் காரணம் இந்த விறைப்புதான். கூர்மை இரண்டுக்கும் ஒன்றுதான்.

இதே விறைப்பு மெல்லிய பொருளில் இடைஞ்சலாகிறது. தடித்த பிளேடு ஆப்பு மாதிரி நுழைந்து அட்டையை இரண்டு பக்கமும் தள்ளும். மவுண்ட் போர்டில் வெட்டின ஓரம் லேசாக மேலே எழும்பி நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். கோபுர நிலையில் மாடக்குழி வெட்டும்போது, அரை அங்குலச் சதுரத்தின் மூலையில் சரியாக நிறுத்த வேண்டும். பெரிய கட்டரில் முனை எங்கே இருக்கிறது என்பதையே அந்த அகலமான பிளேடும் பருத்த பிடியும் மறைத்துவிடும். 9 மி.மீ. கட்டரைப் பேனா பிடிப்பதுபோல் பிடிக்கலாம், முனை கண் முன்னால் இருக்கும். என் வேலையில் பத்தில் எட்டு வெட்டு இப்படிப்பட்டதுதான்.

சன்போர்டில் 3 மி.மீ. வரை சின்னக் கட்டரே போதும். 5 மி.மீ. என்றால் பொறுமை வேண்டும்: முதல் இழுப்பு கோடு போடுவதற்கு மட்டும், அழுத்தமே கூடாது. அடுத்த இரண்டு மூன்று இழுப்பில் அந்தத் தடத்திலேயே இறங்க வேண்டும். ஒரே இழுப்பில் முடிக்க நினைத்து அழுத்தினால் சின்ன பிளேடு வளையும், மேலே நேராகவும் அடியில் சாய்வாகவும் வெட்டு விழும். இரண்டு சுவரை ஒட்டும்போதுதான் அது தெரியும், மூலையில் இடைவெளி விட்டு இளிக்கும்.

தெர்மாகோலில் 18 மி.மீ.தான், பேச்சே இல்லை. இரண்டு அங்குலக் கட்டியை வெட்ட பிளேடை நிறைய நீட்ட வேண்டும், அவ்வளவு நீளத்தில் 9 மி.மீ. பிளேடு ஆடும். புது முனையை வைத்துக் கத்தியை நன்றாகச் சாய்த்து நீளமாக இழுத்தால் உருண்டைகள் உதிராமல் வரும். மழுங்கிய முனையில் வெட்டினால் வீடு முழுக்க வெள்ளைப் பொடி, பிறகு அதைப் பெருக்குவது தனி வேலை. நிறைய தெர்மாகோல் வெட்டுகிறவர்கள் சூடேற்றிய கம்பியில் வெட்டும் கருவி வாங்கிக்கொள்வதே நல்லது. ஆனால் சன்னலைத் திறந்துவைத்துத்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும், புகை நல்லதல்ல. 25 மி.மீ. அளவும் உண்டு. அது கட்டட வேலைக்கும் தரைவிரிப்புக்கும் உரியது, நமக்கு வேண்டாம்.

அளவை விட முக்கியமாக நான் பார்ப்பது, நீட்டிய பிளேடை நகராமல் நிறுத்தும் பூட்டு. இதில்தான் மலிவான கட்டருக்கும் நல்ல கட்டருக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. ஒன்று, தள்ளிவிட்டால் பல்லில் பல்லாக நிற்கும் தானியங்கிப் பூட்டு. இன்னொன்று, திருகி இறுக்கும் சக்கரப் பூட்டு. சின்னக் கட்டருக்கு முதல் வகை வசதி: ஒரு விரலால் நீட்டலாம், வேலை முடிந்ததும் உடனே உள்ளே இழுக்கலாம். பெரிய கட்டரில் அழுத்தி வெட்டுவதால் சக்கரப் பூட்டே நம்பிக்கையானது. பிளாஸ்டிக் உடம்புக்குள்ளேயே பிளேடு நேரடியாக ஓடும் முப்பது ரூபாய்க் கட்டர் ஒன்று என்னிடம் இருந்தது. ஒருநாள் சன்போர்டை அழுத்தி வெட்டும்போது பூட்டு விட்டுக்கொடுத்து பிளேடு சட்டென்று உள்ளே போனது, என் கை வேகத்தில் முன்னால் போய்க் கட்டைவிரலை ஸ்கேலின் விளிம்பில் கிழித்துக்கொண்டேன். மூன்று தையல். அன்றிலிருந்து, உள்ளே தகட்டு உறை உள்ள கட்டரைத் தவிர வேறெதையும் வாங்குவதில்லை. கடையிலேயே பிளேடை இரண்டு துண்டு நீட்டி, முனையை ஒரு அட்டையில் ஊன்றி அழுத்திப் பாருங்கள். பின்னால் நழுவினாலோ பக்கவாட்டில் கடகடவென்று ஆடினாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஓல்ஃபா, என்.டி. கட்டர், தஜிமா போன்ற ஜப்பானியத் தயாரிப்புகள் இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. கட்டாயம் இல்லை. நம்மூர்க் கடையில் உள்ள தகட்டு உறைக் கட்டரில் நல்ல பிளேடைப் போட்டாலே பெரும் மாற்றம் தெரியும். அளவுகள் எல்லா இடத்திலும் ஒன்றாகிவிட்டதால் ஒரு நிறுவனத்தின் பிளேடு இன்னொன்றின் பிடியில் பொருந்திவிடும். காசு குறைவாக இருந்தால் பிடியில் மிச்சம் பிடித்து பிளேடில் செலவழியுங்கள்.

பிளேடிலும் வகைகள் உண்டு. கறுப்பு நிற பிளேடு கூடுதல் கூராகத் தீட்டப்பட்டது, காகிதத்தில் வெண்ணெயாக இறங்கும், ஆனால் கொஞ்சம் சீக்கிரம் மழுங்கும். துருப்பிடிக்காத எஃகு பிளேடு ஈரமான வேலைக்கு நல்லது, கூர் அவ்வளவு நாள் நிற்காது. வழக்கமானது கார்பன் எஃகு. சென்னை மாதிரி கடற்கரை ஊரில் டப்பாவைத் திறந்து வைத்தால் சீக்கிரமே செம்புள்ளி வந்துவிடும், தையல் மெஷின் எண்ணெயை ஒரு சொட்டுத் துணியில் தொட்டுத் துடைத்து வையுங்கள். வெட்டுவதற்கு முன் அந்த எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் வெள்ளை அட்டையில் கறை.

வழக்கமான முனைக்கோணம் ஏறக்குறைய 60 பாகை. 9 மி.மீ.யிலேயே 30 பாகை பிளேடும் வருகிறது, அதே பிடியில் பொருந்தும். கோலத்துக்கு ஸ்டென்சில் வெட்டுவது, எழுத்து வெட்டுவது, வளைவுகள் என்றால் இதற்கு ஈடில்லை. முனை மெலிதாக இருப்பதால் லேசாகத் திருகினாலும் ஒடிந்துவிடும். அட்டைக்கு மேல் கனமான எதற்கும் இதைக் கொண்டுபோகாதீர்கள்.

இங்கேதான் அறுவைக்கத்தி போட்டிக்கு வருகிறது. சர்ஜிக்கல் கடையில் 3ஆம் எண் பிடியும் 11ஆம் எண் பிளேடும் கேட்டால் கொடுப்பார்கள். நுணுக்கமான வேலையில் எந்தக் கட்டரும் இதன் பக்கத்தில் வர முடியாது, நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளே இழுக்க வழியில்லை, மேசையில் வைத்தால் திறந்த கத்திதான். பிளேடைக் கழற்றுவதற்குக் குறடு வேண்டும், வெறும் கையால் கழற்றப் போய் வெட்டிக்கொண்டவர்கள் ஏராளம். குழந்தைகள் உள்ள வீட்டில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்தக் கட்டரானாலும் கீழே கட்டிங் மேட்டும் பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலும் இல்லாமல் தொடங்க வேண்டாம். பிளாஸ்டிக் ஸ்கேலைக் கத்தி சீவிவிடும், அப்புறம் அந்தப் பள்ளத்தில் ஏறி விரலுக்கு வரும்.

ஒடிப்பது எப்படி என்று அந்தப் பையனுக்குக் காட்டினேன். ஒரே ஒரு துண்டு மட்டும் வெளியே நிற்கும்படி பிளேடை நீட்டிப் பூட்ட வேண்டும். கோடு கீறியிருக்கும் பக்கம் மேலே இருக்கட்டும். அந்தத் துண்டைக் குறட்டால் பிடித்துக் கீழ்நோக்கி வளைத்தால் கீறல் வாய் திறந்து டக்கென்று ஒடியும். முகத்தை விலக்கிக்கொள்ள வேண்டும், கண்ணாடி போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. சில கட்டர்களில் பின்பக்க மூடியே இந்தக் குறட்டின் வேலையைச் செய்யும். அவன் முதல் தடவை பயந்தான், இரண்டாவது தடவை சுத்தமாக ஒடித்தான். வெட்டும்போது வீட்டுப் பெரியவர்கள் யாராவது கூட இருக்க வேண்டும் என்று அவன் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஒடித்த துண்டுகளைக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். தூய்மைப் பணியாளர்கள் பையைக் கையால்தான் தூக்குகிறார்கள். நான் ஒரு பழைய காப்பித்தூள் டின்னின் மூடியில் சின்னப் பிளவு போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். மேலே "பிளேடு" என்று பெரிதாக எழுதியிருக்கிறது. நிறைந்ததும் இரும்புக் கடைக்காரரிடம் என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்துவிடுவேன். பையனும் போகும்போது ஒரு காலி டின் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.