ஒரு ராணியா, பல ராணியா? நெருப்பெறும்பின் இரண்டு குடித்தனங்கள்

மழை விட்ட மறுநாள் காலையில் எங்கள் ஹூஸ்டன் வீட்டுப் புல்தரையில் புதுப் புற்று கிளம்பியிருக்கும். பொலபொலவென்ற மண். மேலே வாசல் எதுவும் தெரியாது, போக்குவரத்தெல்லாம் மண்ணுக்கடியில் ஓடும் சுரங்கத்தில்தான். ஒரு குச்சியால் லேசாகத் தொட்டால் போதும், நொடியில் குச்சி முழுக்க எறும்பு. கையில் ஏறிய எறும்பு முதலில் தாடையால் தோலைக் கவ்விக்கொள்ளும். கவ்விய இடத்தை விடாமல் உடம்பை மட்டும் திருப்பித் திருப்பி வட்டமாகக் கொட்டும். மறுநாள் கொட்டிய இடத்திலெல்லாம் வெள்ளைக் கொப்புளம்.

இது சொலெனாப்சிஸ் இன்விக்டா. தமிழ்நாட்டில் நாம் மிதித்துத் துடித்திருக்கும் நெருப்பெறும்பு சொலெனாப்சிஸ் ஜெமினேட்டா, இதற்கு நெருங்கிய சொந்தம். இன்விக்டா தென் அமெரிக்காவிலிருந்து 1930களில் அலபாமாவின் மொபீல் துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்குள் வந்தது. ஒரே இனம்தான், ஆனால் அது குடித்தனம் நடத்துவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்றில் புற்றுக்கு ஒரே ராணி. மற்றதில் பல ராணிகள். எது நம் தோட்டத்து மண்ணில் இருக்கிறது என்று தெரியாமல் மருந்து வாங்குவது வீண் செலவு.

ஒற்றை ராணியின் கதை துணிச்சலானது. சிறகு முளைத்த இளம் ராணி உயரப் பறந்து, வானிலேயே இணைசேர்ந்து, தன் கூட்டிலிருந்து வெகு தூரம் தள்ளி இறங்குகிறாள். சிறகை உதிர்த்துவிட்டு மண்ணில் ஒரு சின்ன அறை தோண்டி உள்ளே அடைத்துக்கொள்கிறாள். அதன் பிறகு வெளியே இரை தேடப் போவதே இல்லை. இனிப் பறக்கத் தேவையில்லாத சிறகுத் தசைகளைக் கரைத்தும், உடம்பில் சேர்த்த கொழுப்பைக் கொண்டும் முதல் புழுக்களை வளர்க்கிறாள். அந்த முதல் பிள்ளைகள் பொடிசாகத்தான் இருக்கும். சில நேரம் இரண்டு மூன்று ராணிகள் சேர்ந்தே குழி தோண்டுவார்கள். ஆனால் வேலைக்கார எறும்புகள் பிறந்ததும் ஒருத்தியைத் தவிர மற்றவர்கள் கொல்லப்படுகிறார்கள். இறங்கிய ராணிகளில் பெரும்பாலானவை தட்டானுக்கும் பறவைக்கும் மற்ற எறும்புகளுக்கும் இரை. தப்பியவளின் புற்று வளர்ந்து முடியும்போது 2 லட்சம் எறும்புகள் இருக்கலாம். பக்கத்துப் புற்று எறும்பு எல்லையைத் தாண்டினால் சண்டைதான்.

பல ராணிக் குடும்பத்தில் இந்தச் சாகசம் குறைவு. இளம் ராணி ஏற்கெனவே உள்ள புற்றுக்குள் போய்ச் சேர்ந்துகொள்கிறாள். புற்று நெரிசலானால் ராணிகள் சிலர் ஒரு கூட்டத்தோடு நடந்துபோய்ப் பக்கத்திலேயே புதுப் புற்று போடுவார்கள். அதனால் பரவும் வேகம் குறைவு, அடர்த்தியோ பயங்கரம். ஒற்றை ராணிப் புற்று ஏக்கருக்கு 40 முதல் 150 வரை என்றால், இது 200ஐத் தாண்டும். ஒரு புற்றின் எறும்பு அடுத்த புற்றில் நுழைந்தாலும் யாரும் விரட்டுவதில்லை.

இந்தப் பெருந்தன்மைக்குள் ஒரு கொடுமை ஒளிந்திருக்கிறது. ராணி ஒன்றா பலவா என்பதை முடிவு செய்வது ஒரு குரோமோசோம், அதாவது ஒரு மரபணுத் தொகுப்பு. அதன் மாற்று வடிவம் ஒரு நகலாவது உள்ள எறும்புகள் இருக்கும் கூடுதான் பல ராணிகளை ஏற்கும். ஆனால் அந்த வடிவம் இல்லாத ராணி முட்டையிடத் தயாரானதும், அது உள்ள வேலைக்கார எறும்புகள் வாசனையிலேயே அவளைக் கண்டுபிடித்துக் கொன்றுவிடுகின்றன. ஆய்வாளர்கள் லோரன் கெல்லரும் கென்னத் ராஸும் 1998இல் இதைக் காட்டினார்கள். தன்னைச் சுமக்காதவளைத் தன்னைச் சுமப்பவர்களை வைத்தே தீர்த்துக்கட்டும் மரபணு! இதைப் படித்த நாளிலிருந்து புற்றைப் பார்க்கும் என் பார்வையே மாறிவிட்டது.

புது நிலம் பிடிப்பதில் ஒற்றை ராணிதான் கெட்டி. பிடித்த நிலத்தில் வேறெதையும் வாழவிடாமல் செய்வதில் பல ராணி. வீட்டுக்காரருக்குப் பெரிய தலைவலி இரண்டாவதுதான், எனக்குச் சந்தேகமே இல்லை. ஒற்றை ராணிப் புற்றில் மருந்துக் கரைசலை ஊற்றி அந்த ஒருத்தியைக் கொன்றால் கதை முடிந்தது. பல ராணிப் புற்றில் ஒருத்தி தப்பினாலும் போச்சு, பக்கத்துப் புற்றும் காலியிடத்துக்கு வந்துவிடும். புற்றுகள் நெருக்கமாக இருந்து, எறும்புகளில் பெரிய உருவம் குறைவாகத் தெரிந்தால் பல ராணி என்று சந்தேகிக்கலாம்.

பல ராணிப் புற்றுக்குச் சரியான வழி இரைமருந்து. சோயா எண்ணெயில் மருந்து கலந்து மக்காச்சோளக் குருணையில் ஏற்றியிருப்பார்கள். வளர்ந்த எறும்பால் திடப்பொருளை விழுங்க முடியாது, எண்ணெயை உறிஞ்சி வாய்க்கு வாய் ஊட்டும். அப்படியே எல்லா ராணிகளுக்கும் போய்ச் சேரும். புற்றைக் கிளறாமல், தோட்டம் முழுக்கத் தூவ வேண்டும். எண்ணெய் சிக்கெடுத்த பழைய பாக்கெட் வேண்டாம், எறும்பு தொடாது. தூவுவதற்கு முன் ஒரு உருளைக்கிழங்கு சிப்ஸைப் புல்லில் போட்டுப் பாருங்கள். அரை மணி நேரத்துக்குள் மொய்த்தால் அன்றைக்கே தூவலாம்.